ஆகஸ்ட்டுல அர்மீனியன், செப்டம்பர்ல வந்தேறியா?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் எழுதற எண்ணம் இல்ல. சக பதிவர் ஒருத்தர் வயித்தெரிச்சலைக் கிளப்பிட்டார், அதான்.

பேரைச் சொல்ல மாட்டேன். நல்ல மனுஷர், என்னோட முதல் பதிவுக்கு வந்த முதல் பின்னூட்டமே அவரோடதுதான். ஆகஸ்ட் 22, சென்னை தினம் வந்துச்சில்லையா, பாரிமுனை அர்மீனியன் தெருவுல இருக்கற அர்மீனிய சர்ச்சுக்குப் போய் பதினஞ்சு போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். எங்கிருந்தோ வந்து இந்த மண்ணை நேசித்த மனிதர்கள்னு ஒரே உருக்கம். நானும் "அருமை, தொடருங்கள்"னு சொல்லிட்டு வந்தேன். சரியா மூணு வாரம். தொடர்ந்துட்டார்! திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கமெல்லாம் வடக்கத்தி ஆளுங்க குவிஞ்சிட்டாங்களாம், பஸ்ல ஏறினா இந்திதான் கேக்குதாம், வந்தேறிகளின் கூடாரமாகிறது வடசென்னைன்னு ஒரு பதிவு.

அண்ணே, மூணு வாரத்துல என்னண்ணே ஆச்சு?

நான் திருவொற்றியூர்க்காரன். அந்த சர்ச்சை எனக்குப் போட்டோவுல பாத்துப் பழக்கமில்ல. சின்ன வயசுல செவ்வாய்க்கிழமை ஆனா அம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாங்க, அதே தெருவுல இருக்கற அந்தோணியார் கோயிலுக்கு. (நாங்க கிறிஸ்தவங்க இல்ல. அந்தோணியார் அதெல்லாம் பாக்க மாட்டார்.) "எங்கம்மா போறோம்"னு கேட்டா "அரண்மனைக்காரத் தெருவுக்குடா"ம்பாங்க. நானும் ஒவ்வொரு வாரமும் தெரு பூரா அரண்மனையைத் தேடுவேன். ஒண்ணும் இருக்காது. பேப்பர் கடை, கல்யாணப் பத்திரிகைக் கடை, ஒரு பெரிய மரக்கதவு. அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் அர்மீனிய சர்ச்னும், நம்ம ஜனங்க வாயில அர்மீனியன் அரண்மனைக்காரன் ஆயிட்டான்னும் காலேஜ் போன அப்புறம்தான் தெரிஞ்சுது.

சரி, இந்த மண்ணை நேசித்த கதைக்கு வருவோம். மண்ணை நேசிச்சு யாரும் கப்பல் ஏறலீங்க. 1604, 1605ல பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அராஸ் ஆத்தங்கரையில ஜுல்ஃபான்னு ஒரு ஊரையே காலி பண்ணி, அங்க இருந்த அர்மீனியர்களை இஸ்பஹான் பக்கம் ஓட்டிட்டுப் போனார். அங்க அவங்க உருவாக்கினது புது ஜுல்ஃபா. அங்கேருந்துதான் பஸ்ரா, பந்தர் அப்பாஸ், சூரத், மதராஸ், மணிலான்னு பரவினாங்க. நம்மாளு பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு வளைகுடாவுக்குப் போறானே, கிட்டத்தட்ட அதே கடல்தான், எதிர்த்திசையில. எதுக்கு வந்தாங்க? பொழப்புக்கு. துணி, வெள்ளி, ரத்தினம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அவங்க தேவைப்பட்டாங்க. 1688ல ஒரு ஒப்பந்தமே போட்டான். நாப்பது அர்மீனியன் ஒரு ஊர்ல சேந்தா சர்ச் கட்ட இடம் தரேன், ஏழு வருஷத்துக்குப் பாதிரியாருக்கு வருஷம் 50 பவுண்டு சம்பளமும் தரேன்னு. ஆள் பிடிக்கற கான்ட்ராக்டர் இன்னிக்கு "ரூம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ"ங்கறான். வித்தியாசம் ஒண்ணும் பெருசா இல்ல.

வந்தவங்க எல்லாரையும் மாலை போட்டு வரவேத்தாங்கன்னு நினைக்காதீங்க. 1746ல மதராஸை பிரெஞ்சுக்காரன் பிடிச்சான். 1749ல இங்கிலீஷ்காரன் கைக்குத் திரும்ப வந்ததும் முதல் வேலையா, இவனுங்க பிரெஞ்சுக்காரனோட கூட்டுன்னு சந்தேகப்பட்டு, அர்மீனியர்கள் கோட்டைக்குள்ள வெள்ளையர் டவுன்ல குடியிருக்கக் கூடாதுன்னுட்டான். நம்மாளு பதிவுல இது இல்ல. போட்டோ நல்லா வந்திருந்துச்சு.

அந்தக் கூட்டத்துல ஒருத்தர்தான் கோஜா பெட்ரஸ் உஸ்கான். மணிலா வியாபாரத்துல சம்பாதிச்சவர். 1724ல மதராஸ்ல குடியேறி, ரெண்டே வருஷத்துல, 1726ல, சொந்தக் காசுல அடையாத்து மேல பாலம் கட்டினார், சைதாப்பேட்டைல. மர்மலாங் பாலம்பாங்க. அதே இடத்துல இப்ப நிக்கறது 1966ல கட்டின மறைமலை அடிகள் பாலம். பரங்கிமலைக்கு ஏறுற படிக்கட்டும் அவர் உபயம்தான். 1751ல இங்கயே செத்தார். உடம்பை வேப்பேரியில புதைச்சாங்க. இதயத்தை மட்டும் எடுத்து ஒரு பெட்டியில வச்சு, அவர் ஆசைப்படியே ஜுல்ஃபாவுக்கு அனுப்பினாங்க.

இங்க சம்பாதிச்சு ஊருக்கு அனுப்பறானுங்கன்னு பீகார்க்காரனைத் திட்டி எழுதியிருந்தீங்களேண்ணே. அவன் மாசம் அஞ்சாயிரமோ பத்தாயிரமோ அனுப்பறான். நீங்க உருகினவர் நெஞ்சையே அனுப்பிட்டார்.

இன்னொரு ஆளைச் சொல்லாம விட்டா மனசு ஆறாது, அதுவும் பதிவர்கள் படிக்கற இடத்துல. ஹருத்யூன் ஷ்மவோனியன், ஷிராஸ்லேருந்து வந்த பாதிரியார். ஒரே வாரத்துல ரெண்டு பிள்ளைங்களையும் பறிகொடுத்தவர். அவர்தான் 1794 அக்டோபர்ல 'அஸ்தரார்'னு ஒரு மாதப் பத்திரிகை ஆரம்பிச்சார். உலகத்துலயே முதல் அர்மீனிய மொழிப் பத்திரிகை. அர்மீனியாவுல இல்லீங்க, நம்ம மதராஸ்ல. 1796ல நின்னு போச்சு, மொத்தமே 18 இதழ். (என் வலைப்பதிவுல அதைவிட நாலஞ்சு பதிவுதான் கூட இருக்கும்.) அவருக்கும் முன்னாடி ஷஹாமீர் ஷஹாமீரியன்னு ஒரு வியாபாரி இங்க அச்சகம் வச்சு, விடுதலை அடையப்போற அர்மீனியாவுக்கு ஒரு அரசியல் சட்டமே அச்சடிச்சார். புத்தக முகப்புல 1773ன்னு இருக்கும். குடியரசு 1918லதான் வந்துச்சு. நூறு வருஷத்துக்கும் மேல அட்வான்ஸா, மதராஸ் புழுக்கத்துல உக்காந்து, இல்லாத நாட்டுக்குச் சட்டம் எழுதியிருக்காங்க. ஷ்மவோனியன் சமாதி 1772ல கட்டின அந்த சர்ச்சுலயே இருக்கு. அங்க இருக்கற ஆறு மணியில ஒண்ணுல தமிழ் எழுத்து இருக்கும். இன்னிக்கு அதை அடிக்க இங்க அர்மீனியர் கூட்டம் இல்ல, நிர்வாகமே கல்கத்தாவுலேருந்துதான்.

"அவங்க பாலம் கட்டினாங்க, பத்திரிகை நடத்தினாங்க, இவனுங்க என்ன செஞ்சாங்க"ன்னு கேப்பீங்க. தெரியும். பாலத்துக்குக் காசு குடுத்தவர் பேர் கல்வெட்டுல இருக்கு. கல்லு தூக்கினவன் பேரு எந்தக் கல்லுல இருக்கு? இப்ப எங்க பக்கம் மெட்ரோவுல விம்கோ நகர் வரைக்கும் வரீங்களே, அந்தத் தூணுங்களைச் சுத்தி கம்பி கட்டிக்கிட்டிருந்தவனுங்க பேசின பாஷை எதுன்னு ரோட்டுல நின்னு கேட்டவன் நான். பணக்காரன் வந்தா சமூகம், கூலிக்காரன் வந்தா கூட்டமா?

வடசென்னையைப் பத்தியா எழுதறீங்க? ராயபுரத்துல பார்சிக்காரங்களோட அக்னி கோயில் 1910லேருந்து இருக்கு. விம்கோங்கற பேரே ஸ்வீடன்காரன் நடத்தின தீப்பெட்டிக் கம்பெனியோட பேருதான். பர்மாவுல 1964ல கடை, கம்பெனியெல்லாம் அரசுடைமை ஆனப்ப, கட்டின துணியோட கப்பல்ல வந்து இறங்கினாங்களே, அவங்க தமிழங்க. தலைமுறை தலைமுறையா அங்க இருந்தும் பர்மாக்காரனுக்கு அவங்க வந்தேறிதான். அந்தப் பர்மா பஜார்லதான் நீங்க அத்தோ சாப்பிட்டு அதையும் போட்டோ போட்டீங்க.

உங்க கோவத்துல நியாயமே இல்லைன்னு சொல்ல வரல. என் சித்தப்பா பையன் எண்ணூர்ல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலையில இருந்தான். நாலு வருஷம். ஒருநாள் "நாளைலேருந்து வராத"ன்னுட்டாங்க. அவன் இடத்துக்கு ஒடிசாப் பையன், பாதிச் சம்பளம், பன்னெண்டு மணி நேரம். என் தம்பியும் முதல்ல அந்தப் பையனைத்தான் அடிக்கப் போனான். போய்ப் பாத்தா ஒரே ரூம்ல பதினாலு பேரு, பாதி ஆளுக்கு ரெண்டு மாசச் சம்பளம் வரல. ரெண்டு பேரையும் ஏமாத்தின கான்ட்ராக்டர் யார் தெரியுமா? சுத்தத் தமிழன், எங்க ஏரியாக்காரன்தான். அவனைப் பத்தி ஒரு பதிவு போடுங்கண்ணே, முதல் பின்னூட்டம் என்னோடது.

டிஸ்கி: அடுத்த தடவை சர்ச்சுக்குப் போறதா இருந்தா சொல்லுங்க, நானும் வரேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேணாம். அந்தோணியார் கூட்டத்துல வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.