மங்கலான படத்தை அழிக்காதீர்கள்!

சென்ற பொங்கல் விடுமுறையில் என் செல்போன் எனக்கு ஒரு எச்சரிக்கை தந்தது. ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது, தேவையற்ற பைல்களை நீக்குங்கள் என்றது. அதுவே ஒரு பட்டியலும் தயாரித்துக் கொடுத்தது. மங்கலான படங்கள் மொத்தம் 386. ஒரே ஒரு பட்டனைத் தட்டினால் போதும், அத்தனையும் போய்விடும். நல்ல வசதிதானே என்று பட்டனில் விரலை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு சிறிய படம் கண்ணில் பட்டது. பாதி இருட்டு, மீதி சிவப்பு வெளிச்சம். பெரிதாக்கிப் பார்த்தேன். விறகடுப்பு, ஒரு பானை, பானைக்குள் களி கிண்டும் கட்டை. அதைப் பிடித்திருந்தன சுருக்கம் விழுந்த இரண்டு கைகள். அவை என் அவ்வாவின் கைகள்.

எங்கள் ஊர் கெலமங்கலம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்கும் ஊர் என்பதால் எங்கள் வீட்டில் பாட்டியை அவ்வா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் படத்தை எடுத்தது நானல்ல. அப்போது ஐந்து வயதாக இருந்த என் அக்கா மகள் என் போனை எடுத்து விளையாடியபோது விழுந்த படம் அது. படத்தை அம்மாவிடம் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் பார்த்தார். "அந்தக் கட்டை இப்ப எங்க இருக்குன்னே தெரியல கண்ணு" என்றார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அவ்வா இறந்தபோது, மாலை போட ஒரு படம் வேண்டும் என்று வீடே தேடியது. என் போனில் பதினோராயிரம் படங்கள் இருந்தன. அவற்றில் அவ்வா இருந்தது ஆறே படங்களில். எல்லாம் கல்யாண வீட்டில் எடுத்தவை. பட்டுப்புடவையில், ஓரமாக, விறைப்பாக நிற்பார். கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கி பிரேம் போட்டோம். இன்றும் சுவரில் தொங்குவது அந்தப் படம்தான். அதில் இருப்பவரை எங்களுக்கு அதிகம் பழக்கமில்லை!

நாற்பது வருடம் தினமும் மாலையில் களி கிண்டியவரை அந்தக் கோலத்தில் படம் எடுக்க எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. தினமும் நடந்ததால்தான் தோன்றவில்லை. என் கருத்து இதுதான். விசேஷங்களை எடுக்கப் பலர் இருக்கிறார்கள். நீங்கள் அன்றாடத்தை எடுங்கள். எது நினைவு, எது குப்பை என்று முடிவு செய்யும் வேலையை மட்டும் செல்போனிடம் விட்டுவிடாதீர்கள்.

ராயக்கோட்டைக்கு வந்த கேமரா

எங்கள் பக்கத்து ஊர் ராயக்கோட்டைக்குப் போட்டோ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1857ல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். பெங்களூரிலிருந்து புறப்பட்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார். 1858ல் அவை ஆல்பங்களாக வந்தன. அவற்றில் ஒன்று 'ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் மற்ற இடங்களும்' பற்றியது. இந்தப் பகுதி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. அவர் படங்கள் 2014ல் வாஷிங்டனிலும், 2015ல் லண்டனிலும் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். ஒரு படம் பதிவாகச் சில நிமிடங்கள் ஆகும். அதனால் அசையாத கோட்டை, கோயில், பாறைகளே அவருக்கு ஏற்ற காட்சிகள். நடமாடும் மனிதர்கள் அதில் பதிய மாட்டார்கள். ராயக்கோட்டை மலை அன்று எப்படி இருந்தது என்று இன்று நம்மால் பார்க்க முடியும். மலையடிவாரத்தில் அன்று சமைத்தவர்கள், ஏர் ஓட்டியவர்கள், சந்தைக்குப் போனவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க முடியாது.

அது அன்றைய தொழில்நுட்பத்தின் எல்லை. பிறகு பிலிம் வந்தது. நம் ஊட்டியிலேயே 1960ல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. பல வீடுகளில் 'இந்து' பிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் இருக்கும். ஆனால் ஒரு ரோலில் 36 படம்தான். கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. எனவே காது குத்து, கல்யாணம் என்று விசேஷங்களுக்கு மட்டுமே கேமரா வெளியில் வந்தது. அதில் தவறு சொல்ல முடியாது.

இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை. நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டாம், பிலிம் செலவும் இல்லை. ஐபோனின் பாகங்களைச் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையே எங்கள் தேன்கனிக்கோட்டை வட்டத்தில்தான் இருக்கிறது. கேமரா நம் ஊர் வரை வந்துவிட்டது. பழக்கம் மட்டும் பிலிம் காலத்திலேயே நிற்கிறது. விசேஷம் என்றால் ஒரே நாளில் 500 படம். மறுநாளிலிருந்து ஸ்கிரீன் ஷாட்டும், 'குட் மார்னிங்' படங்களும்தான்.

ஒரு நாளைக்கு ஒரு படம்

அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். 1979 மார்ச் 31 முதல் தினமும் ஒரே ஒரு போலராய்டு படம் எடுத்தார். சாப்பாட்டு மேஜை, நண்பர்கள், அறையின் மூலை என்று பெரும்பாலும் சாதாரணக் காட்சிகள். 1997 அக்டோபர் 25 அன்று, தன் 41வது பிறந்தநாளில், புற்றுநோயால் இறக்கும்வரை அவர் நிறுத்தவில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை நண்பர்கள் ஒழுங்குபடுத்தி 2007ல் அவர் படித்த பார்ட் கல்லூரியில் கண்காட்சியாக வைத்தார்கள். தனியாகப் பார்த்தால் பல படங்களில் ஒன்றுமில்லை. வரிசையாகப் பார்த்தால் ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு நானும் இதைத் தொடங்கினேன். நான் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை செய்பவன். காலையில் கெலமங்கலத்தில் பஸ் ஏறி ஓசூர், அங்கிருந்து கம்பெனி. நான் வைத்துக்கொண்ட விதி இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு படம், எடுத்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அன்றே நீக்கிவிட வேண்டும்.

முதல் வாரம் எதை எடுப்பது என்றே தெரியவில்லை. தினமும் பார்க்கும் பஸ் ஸ்டாண்டில் எடுக்க என்ன இருக்கிறது? இரண்டாவது வாரம் கண் பழகியது. செய்தித்தாளில் சுற்றி பஸ்ஸில் ஏற்றப்படும் ரோஜாக் கட்டுகள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கும் நைட் ஷிப்ட் முகங்கள். மூன்று மொழிகளில் எழுதிய கடை போர்டு. பனிமூட்டத்தில் டீக்கடை ஆவி. கற்பனைத் திறன் என்பது பிறவியில் வருவது என்று நினைத்திருந்தேன். அதில் பெரும் பகுதி, ஒரே இடத்தை மறுபடி மறுபடி பார்ப்பதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. ஜனவரியில் நான் எடுத்த ஒரு புளியமரம் மார்ச்சில் இல்லை. சாலையை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். எங்கள் பகுதியில் கேழ்வரகு வயல் ஒன்று ஆறே மாதத்தில் காம்பவுண்டு சுவராக மாறிவிடும். தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சம்பளம் தருவதும் இந்த மாற்றம்தான். ஆனால் முன்பு என்ன இருந்தது என்பதற்கு ஒரு படமாவது நம்மிடம் இருக்க வேண்டாமா?

விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. லென்ஸை முதலில் துணியால் துடையுங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். எனவே ஜூம் செய்யாமல் இரண்டு அடி முன்னால் போங்கள். வீட்டுக்குள் பிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தைப் பயன்படுத்துங்கள். தெரியாதவர் முகத்தை எடுக்கும் முன் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். தூங்கும் அந்த முகங்களைக் கேட்காமல் எடுத்திருந்தேன். பிறகு மனம் ஒப்பாமல் நீக்கிவிட்டேன்.

போட்டோ எடுத்தால் மறந்துவிடுமா?

"எப்போதும் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் எதையும் ரசிக்க முடியாது" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் பேர்பீல்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் லிண்டா ஹெங்கல் 2014ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மியூசியத்தில் பொருட்களை வெறுமனே பார்த்தவர்களைவிட, போட்டோ எடுத்தவர்களுக்கு அவை குறைவாகவே நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மூளை விட்டுவிடுகிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. கவனித்துத் தேர்ந்தெடுத்து எடுத்தால் நினைவுக்குக் கேடில்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு படம் என்ற விதி அதற்குத்தான்.

எழுத்து இல்லாத நடுகல்

எடுப்பது பாதி வேலை. காப்பாற்றுவது மீதி வேலை. என் கல்லூரி நான்கு வருடப் படங்களும் ஒரே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. ஒரு நாள் அது மேஜையிலிருந்து விழுந்தது. அவ்வளவுதான். இன்ஜினியரிங் படித்தவன் செய்யக்கூடாத தவறு! நீங்களாவது இதைச் செய்யாதீர்கள்.

இரண்டு இடத்திலாவது வையுங்கள். ஒன்று வீட்டில் கம்ப்யூட்டரிலோ ஹார்ட் டிஸ்கிலோ, மற்றொன்று வீட்டுக்கு வெளியே, கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ. கிளவுடை மட்டும் நம்பவும் கூடாது. ஆர்க்குட் 2014ல் மூடப்பட்டது. பிகாசா 2016ல் போனது. கூகுள் போட்டோஸில் வரம்பில்லா இலவச இடம் 2021 ஜூன் 1ல் முடிந்தது. இரண்டு வருடம் பயன்படுத்தாத கூகுள் கணக்குகளை நீக்கும் விதியும் 2023ல் வந்துவிட்டது. கணக்குக்கு உரியவர் இறந்துவிட்டால், படங்களும் அவரோடு போய்விடக்கூடும். பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும்.

இட வசதி பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு படம் 4 எம்.பி. என்றால் வருடத்துக்கு 365 படமும் சேர்த்து ஒன்றரை ஜி.பி.க்குள் அடங்கும். 30 வருடத்துக்கு 45 ஜி.பி.கூட ஆகாது.

எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நடுகற்கள் நிறைய உண்டு. எழுத்து உள்ள கல்லில் வீரன் யார், எந்தச் சண்டையில் இறந்தான் என்ற விவரம் இருக்கும். எழுத்து இல்லாத கல்லில் வாளோடு ஒருவன் நிற்கிறான். அவன் யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பெயர் எழுதாத போட்டோ பைலும் அப்படித்தான். தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே எக்ஸிப் தகவலாகப் பதிவாகும் என்பது சரி. ஆனால் படத்தில் இருப்பவர் யார், உறவு என்ன என்று அது சொல்லாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படமும் சுருங்கும், எக்ஸிப் தகவலும் போய்விடும். முக்கியமான படங்களை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். பைலுக்கு '2026-01-16_புளியமரம்_கெலமங்கலம்' என்பதுபோலப் பெயர் வையுங்கள். வருடத்தை முதலில் எழுதினால் கம்ப்யூட்டரே காலவரிசையில் அடுக்கிவிடும்.

வீட்டில் இருக்கும் பழைய படங்களையும் விட்டுவிடாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். அவர்கள் உங்கள் வீட்டு பீரோவுக்கு வர முடியாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஸ்கேன் செய்யும்போது படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். தேதியும் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, படத்தில் யார் யார் என்று இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

அக்கா மகள் எடுத்த அந்தப் படத்துக்கு ஒரு பெயர் வைத்து மூன்று இடங்களில் காப்பி செய்திருக்கிறேன். ஒரு பிரிண்டும் போட்டேன். மங்கலாகத்தான் இருக்கிறது. சுவரில் ஆதார் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வாசகர்களே, இன்று மாலை உங்கள் வீட்டில் யாராவது தோசை சுட்டுக்கொண்டிருப்பார்கள், பூ கட்டிக்கொண்டிருப்பார்கள், பழைய ரேடியோவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். நிமிர்ந்து சிரிக்கச் சொல்லாதீர்கள். அப்படியே ஒரு படம் எடுங்கள். பெயர் எழுதி வையுங்கள்.