கடோத்கஜன் பூதம் இல்லீங்க

பட்டணத்துத் தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய கறுப்பு வெள்ளைப் பூதப் படங்களைத் துண்டு துண்டா வெட்டிப் போட்டு, "மீசையைப் பாரு, கதாயுதத்தைப் பாரு"ன்னு சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா முழுப் படத்தையும் ஒருதரம் பாத்துட்டுச் சிரிங்க.

1957-ல வந்த 'மாயா பஜார்' படத்தையே எடுத்துக்குவோம். கே.வி.ரெட்டி டைரக்‌ஷன். கடோத்கஜனா எஸ்.வி.ரங்காராவ். கல்யாணச் சாப்பாட்டை ஒத்தை ஆளா காலி பண்றப்ப, லட்டு தானா பறந்து வாய்க்குள்ள போகும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் மார்கஸ் பார்ட்லேயோட கேமரா வித்தை.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்தக் கதையில நிஜமான அரக்கன் யாரு? பாண்டவங்க சூதுல நாட்டைத் தோத்ததும், அபிமன்யுவுக்குத் தர்றதா இருந்த பொண்ணைத் துரியோதனன் மகனுக்குப் பேசி முடிக்குது பலராமர் குடும்பம். சொந்தத் தாய்மாமன் வீடு! கோரைப்பல் கிடையாது, பட்டும் நகையும்தான். சொன்ன சொல்லு நிக்கணும்னு பாடுபடுறவன் காட்டுல கிடக்கிற கடோத்கஜன்.

1951-ல வந்த 'மர்மயோகி' ஆவி நடமாடுதுன்னே 'ஏ' சர்டிபிகேட் வாங்கின படம். அதுலயும் நடுங்குறது சிம்மாசனத்தைப் பிடுங்கின ராணிதான். யாரை மிரட்டணும்னு அந்தக் காலத்து ஆவிக்குத் தெரிஞ்சிருந்தது.

இப்ப எங்க தஞ்சாவூர்ப் பக்கம் வாங்க. அஞ்சு ஏக்கர், போர்செட், டிராக்டர் எல்லாம் இருக்கு. முப்பத்தஞ்சு வயசாகியும் பையனுக்குப் பொண்ணு கிடைக்கலை. "பையன் என்ன பண்றாரு?" "விவசாயம்." அதோட காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்பிடுறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு மாமன் வீடு, தொட்டில்லயே "இவனுக்கு இவ"ன்னு பேசி வச்சது. 2018 நவம்பர்ல கஜா புயல் தென்னையைச் சாய்ச்சதும் ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிடுச்சு.

பொண்ணே வேண்டாம்னா அது அவ இஷ்டம், மதிக்கணும். பெத்தவங்க பயமும் புரியுது. தண்ணி, மழை, நெல்லு விலை எதுவும் எங்க கையில இல்லை. ஆனா குறுவையில என்ன வந்துச்சு, சம்பாவுல என்ன நின்னுச்சுன்னு கணக்கு கேக்கலாமே! நோட்டை எடுத்துக் காட்டுறோம். யாரும் கேக்கறதில்லை. தொழில் பேரைக் கேட்டதுமே எந்திரிச்சிடுறாங்க.

லட்டு தின்னவனைப் பூதம்னு சிரிச்சீங்க, சரி. கையில இருந்தது போனதும் சொந்தத்தை அறுத்துக்கிற மனுசங்களுக்கு என்ன பேரு வைக்கப் போறீங்க?