ஓர் எழுத்துக்கு யார் விலை கொடுப்பது?

கொழுந்து ஒரு கிலோ குறைந்தால் அன்றைக்கே அரைப் பேர் போடுகிறார்கள். ஏன் குறைந்தது என்று கேட்பாரில்லை. ஆனால் ஆபிசில் பேனா பிடித்த கை செய்த தவறு இருபது, முப்பது வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. தொழிலாளி வேலையை விட்டு நிற்கும் நாளில்தான் அது வெளியே வருகிறது. அதற்கும் தண்டனை தொழிலாளிக்கே!

பிறப்புப் பத்திரத்தில் முத்தம்மா, அடையாள அட்டையில் முத்தம்மாள், செக்ரோலில் முத்தாயி. மூன்றும் ஒரே ஆள் என்பது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சேமலாப நிதிக் கணக்குக்கு மட்டும் அது மூன்று ஆள். அங்கத்துவ இலக்கத்தில் ஓர் எண் மாறினாலும் இதே கதைதான்.

சிக்கிக் கிடப்பது யாருடைய பணம்? நம் சம்பளத்தில் ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் 8 ரூபா பிடிக்கிறார்கள். நிர்வாகம் 12 ரூபா சேர்த்து, 20 ரூபாவாக ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். இது 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 ரூபா. ஆக, ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் 23 ரூபா ஓர் எழுத்தில் தொங்குகிறது!

பிறகு அலைச்சல். கிராம சேவகரிடம் ஒரு கடிதம், சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, தொழில் காரியாலயத்துக்கு பஸ். போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் பேர் போகிறது. ஓய்வு பெற்றவருக்கோ போவதற்குப் பேரும் இல்லை. கடன் வாங்கித்தான் பஸ் ஏற வேண்டும்.

"பேரை மாற்றி மாற்றிச் சொன்னது அவர்கள்தானே" என்று நிர்வாகத்தினர் சொல்வார்கள். கைநாட்டு வைத்தவருக்கு, என்ன எழுதினோம் என்று வாசித்துக் காட்டியது யார்? படிவத்தை நிரப்பியது ஆபிஸ். மாதாமாதம் பணத்தைப் பிடித்ததும் ஆபிஸ். பணம் பிடிக்கும்போது வராத பெயர்ச் சந்தேகம், கொடுக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? நிர்வாகம் பணத்தைப் பிந்திக் கட்டினால் சட்டம் மிகை அறவிடுகிறது. பெயரைப் பிழையாக எழுதினால் மட்டும் செலவு தொழிலாளியின் தலையிலா?

நாம் கேட்பது சலுகையல்ல. ஆபிஸ் செய்த பிழையை ஆபிஸ் தன் செலவிலேயே திருத்த வேண்டும். அதற்காகத் தொழிலாளி அலையும் நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். வருடம் ஒரு முறை அங்கத்தவர் பெயர், இலக்கம், அடையாள அட்டை எண் அடங்கிய பட்டியலைத் தமிழில் மஸ்டரில் வாசித்துக் காட்ட வேண்டும்.

தோழர்களே, தோழியரே! வேலையை விடும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். கணக்குக் கூற்று கைக்கு வந்தால் பெட்டிக்குள் போடாமல் அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உடனே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். தலைவர்மாரே, இப்படி வரும் பெயர்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோகாமல், பட்டியலாக எழுதி, துரையிடம் கொடுத்து, கையொப்பம் வாங்குங்கள். தனி ஆளாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். சங்கமாகப் போவோம்!