புயலுக்கு எல்லை இல்லை, புத்தகத்துக்கு உண்டா?

நெய்யாற்றின்கரை வட்டத்தின் பொழியூர் கேரளத்தில் இருக்கிறது. அடுத்த கரையான நீரோடி தமிழகத்தில். கடல் ஒன்றே. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுப்பெற்றது என்ற அறிவிப்பு வந்தபோது, இக்கரைகளின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். இரு மாநிலங்களிலும் மாண்டோரும் காணாமற்போனோரும் சில நூறு பேர்.

காலநிலை பற்றிய வெகுமக்கள் நூல்கள் இன்று ஏராளம். பில் கேட்ஸின் 2021ஆம் ஆண்டு நூல் புதிய தொழில்நுட்பத்தைத் தீர்வாக முன்வைக்கிறது. நவோமி கிளைன் 2014இலேயே முதலாளித்துவத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். ஆயினும் பெரும்பாலான நூல்கள், 'மனிதகுலம் புவியைச் சூடாக்கிவிட்டது' என்றே பேசுகின்றன. எண்ணெய் நிறுவன முதலாளியும் கட்டுமரத் தொழிலாளியும் அந்தச் சொல்லில் ஒன்றாகிவிடுகின்றனர். இது அறிவியல் அல்ல; வர்க்கத்தை மறைக்கும் திரை.

அரபிக்கடல் சூடேறுவதால் புயல்களுக்கு வலு கூடுகிறது. இதை யார் மொழியில் சொல்வது? 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், அறிவியலைச் சமூகப் புரட்சிக்கான கருவி என்று அறிவித்து மலையாளத்தில் நூல்களைப் பரப்பியது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தமிழில் அப்பணியைச் செய்கிறது. பாறசாலையின் தமிழ் வாசகர் இரண்டுக்கும் இடையில் விடுபட்டுவிடக் கூடாது.

எனவே தேவை, இருமொழிச் சிறுநூல்: காற்றழுத்தத் தாழ்வு என்றால் என்ன, எச்சரிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது, கடல் சூடேறியதால் இலாபம் பார்த்தவர் யார். நூல் மட்டும் படகைக் கரைசேர்க்காது. ஆழ்கடலிலும் கேட்கும் எச்சரிக்கையை அரசிடம் கேட்டுப் பெறும் போராட்டத்துக்கு அது கைவிளக்காகும்.