சுவர் நேரா வரணுமா? பூச்சுக்கு முன்னாடி அந்த அரை நாளைக் கொடுங்க!

புது வீட்டில் சுவர் கோணலாக இருப்பதை முதலில் கண்டுபிடிப்பது யார் தெரியுமா? வீட்டுக்காரர் இல்லை. பெரும்பாலும் மாடுலர் கிச்சன் மாட்ட வருகிற கார்பென்டர்தான். கேபினட்டைத் தூக்கி வைத்ததும் ஒரு ஓரம் சுவரோடு ஒட்டும், மறு ஓரத்தில் விரல் நுழையும். "சுவரே நேரா இல்லையே சார்" என்பார். அதற்குப் பிறகு இடைவெளியை அடைக்க சிலிக்கான், மறைக்க ஒரு பட்டை, பெயின்டரிடம் போனால் இன்னும் ரெண்டு கோட்டிங் புட்டி. திட்டு மொத்தமும் கொத்தனாருக்கு.

அந்தத் திட்டில் பாதி நியாயமில்லை என்பதுதான் என் கட்சி. சுவர் நேராக வருவது கை ராசியால் இல்லை. கலவையை அடிக்கும் முன்பே, பூச்சு எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று சுவரிலேயே குறித்து வைக்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் குறிகளுக்கு நம்ம ஊர் சைட்டுகளில் 'புல் மார்க்' என்று பெயர். சிலர் வெறுமனே 'மார்க்' என்பார்கள். அதற்கு ஆகும் அரை நாளைத்தான் பல இடங்களில் முதலில் வெட்டுகிறார்கள்.

சாலிட் பிளாக், ஹாலோ பிளாக் சுவர் என்றால் இன்னொரு நம்பிக்கை வேறு உண்டு. "பிளாக் ஒரே சைஸ்தானே, சுவர் தானா நேரா வந்துடும்." பாதி உண்மை. செங்கல்லை விட பிளாக்கின் அகலம் ஒரே மாதிரி இருக்கும், அதனால் சுவரின் ரெண்டு பக்கமும் ஓரளவு ஒழுங்காக வரும். ஆனால் பிளாக் பெரியது. ஒரே ஒரு கல் லேசாகத் திரும்பி உட்கார்ந்தாலும் ஒன்றேகால் அடி நீளத்துக்குச் சுவர் வெளியே தள்ளி நிற்கும். பில்லரும் பீமும் பிளாக்கோடு சேரும் இடத்தில் கான்கிரீட் சில மில்லிமீட்டர் முன்னே வந்திருப்பதும் சகஜம்.

மார்க் எப்படிப் போடுவாங்க?

முதல் வேலை, சுவரின் மூலைக்கு மூலை நூல் கட்டிப் பார்ப்பது. எங்கே சுவர் அதிகமாகப் பிதுங்கியிருக்கிறதோ அந்த இடம்தான் மொத்தப் பூச்சின் கணக்கையும் தீர்மானிக்கும். அங்கே குறைந்தபட்ச கனம் இருக்க வேண்டும், மற்ற இடமெல்லாம் அதற்கேற்பத் தடிக்கும். அதனால் அந்தப் பிதுங்கலை முதலில் கொத்தி எடுக்கிற கொத்தனார் உங்கள் காசை மிச்சப்படுத்துகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பிறகு சுவரின் ஒரு ஓரத்தில், மூலையிலிருந்து ஓர் அடி தள்ளி, கூரைக்குக் கீழே ஒரு குறி. கொஞ்சம் கலவையை அப்பி, அதன் மேல் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைப் பதிப்பார்கள். அதிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரைக்குச் சற்று மேலே அதே நேர்கோட்டில் இன்னொன்று. மறு ஓரத்திலும் இப்படியே. ரெண்டு ஓரத்துக்கும் நடுவே நூல் இழுத்தால் இடையில் வரும் மார்க்குகளுக்கு மட்டம் கிடைத்துவிடும். லேசர் லெவல் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஆனால் தூக்குக்குண்டு பொய் சொல்லாது, பேட்டரியும் தேவையில்லை.

இது ஏதோ ரகசிய வித்தை இல்லை. மத்திய பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பிலேயே இருக்கிறது: 15 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் அளவில் பூச்சுத் திட்டுகளை, குறுக்கிலும் நெடுக்கிலும் 2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் முதலில் வைக்க வேண்டும், அவை முடிந்த பூச்சின் மட்டத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்ததுதான் பலர் தாண்டிப் போகிற கட்டம். மேல் மார்க்கையும் கீழ் மார்க்கையும் சேர்த்து, ஒரு சாண் அகலத்துக்குள் கலவையாலேயே நெடுக்காக ஒரு பட்டை இழுக்க வேண்டும். இதுதான் தண்டவாளம். இப்படி ரெண்டு பட்டைகள் நின்ற பிறகு, நடுவில் கலவையை அடித்து, அலுமினிய மட்டப்பலகையை ரெண்டின் மேலும் வைத்துக் கீழிருந்து மேலே இழுத்தால், தப்பான மட்டத்துக்குப் போகவே வழியில்லை. ஒரே ஒரு நிபந்தனை: பட்டைகளின் இடைவெளி பலகையை விடக் குறைவாக இருக்கணும். ஆறு அடிப் பலகை என்றால் ஐந்து அடிக்குள். அதற்கு மேல் போனால் பலகையின் ஒரு முனை காற்றில் தொங்கும், அப்புறம் மார்க் போட்டதே வீண்.

பட்டைக்கும் பூச்சுக்கும் ஒரே கலவை இருப்பது நல்லது. சீக்கிரம் இறுகட்டும் என்று பட்டைக்கு மட்டும் சிமென்ட்டை அள்ளிப் போட்டால், அந்த ஓரமாகவே பின்னால் மயிரிழை விரிசல் ஓடும். டைல்ஸ் துண்டுகளையும் வேலை முடிந்ததும் பெயர்த்தெடுத்து அந்தக் குழியை அடைக்கச் சொல்லுங்கள்.

இப்போது மெஷின் பிளாஸ்டரிங், ஜிப்சம் பிளாஸ்டரிங் செய்பவர்கள் தகரப் பட்டைகளை, அதாவது கால்வனைஸ்டு பீடிங்கை, தண்டவாளமாக நிறுத்துகிறார்கள். வேகம், துல்லியம் ரெண்டும் கிடைக்கும். உள்அறைக்கு ஓகே. ஆனால் பாத்ரூமிலும் வெளிச்சுவரிலும் அதை உள்ளேயே விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெட்டிய முனையில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும், ஈரம் பட்டால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். இன்னொரு குறுக்குவழி, பீடிங்கை ஜிப்சம் வைத்து ஒட்டிவிட்டு அதன் மேல் சிமென்ட் பூசுவது. நிமிஷத்தில் இறுகும், உண்மைதான். ஆனால் ஈரமான இடத்தில் ஜிப்சத்தில் உள்ள சல்ஃபேட், சிமென்ட்டோடு வினைபுரிந்து உப்பும், பூச்சு வெடிக்கும். பீடிங்கைச் சிமென்ட் கலவையிலேயே பதித்து ஒரு ராத்திரி விட்டால் போதும்.

அரை நாளுக்கு என்ன விலை?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 மில்லிமீட்டர் வர வேண்டிய பூச்சு, மட்டமில்லாமல் சராசரியாக 20 மில்லிமீட்டர் போய்விட்டது என்று வையுங்கள். 1,000 சதுர அடி சுவருக்கு எட்டு மில்லிமீட்டர் அதிகம் என்றால் ஏறத்தாழ 26 கன அடி கலவை வீண். ஒன்றுக்கு நாலு கலவையில் இதற்கே சுமார் ஐந்தரை மூட்டை சிமென்ட் போகும், மணல் தனி. எடையில் சொன்னால் ஒன்றரை டன். ஹோம் லோனில் வாங்கிய ஒன்றரை டன்னை, யாரும் பார்க்காத இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதோடு, ஒரே கோட்டில் தடியாக அடித்த பூச்சு தொய்யும், விரிசல் விடும்.

இது கொத்தனாருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அவருக்கு சதுர அடி ரேட். மார்க் போடுகிற அரை நாளில் ஒரு சதுர அடிகூட ஏறாது, சித்தாள் கூலி மட்டும் ஓடும். சிமென்ட் அவர் காசில்லை, நேரம்தான் அவர் காசு. மார்க் போடாமல் அடித்தால் லாபம் வருகிற மாதிரி ரேட்டைப் பேசிவிட்டு, வேலை சுத்தமா இல்லைன்னு கோபப்படுவது என்ன நியாயம்? மார்க் போட தனியாக அரை நாள் கூலி என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மார்க் முடிந்ததும் நீங்களோ இன்ஜினீயரோ பார்த்த பிறகுதான் பூச்சு என்றும் எழுதுங்கள். ஐந்தரை மூட்டைக்கு முன்னால் அது சின்னத் தொகை.

அந்த நேரத்தில் சைட்டுக்கு ஒரு நடை போக முடிந்தால், கதவு நிலையைப் பாருங்கள். நிலையும் எலக்ட்ரிக்கல் பாக்ஸும் மார்க்கின் மட்டத்துக்கே வந்து நிற்க வேண்டும். உள்ளே போயிருந்தால் அதைச் சரிசெய்ய அன்றைக்குத்தான் சுலபம். பில்லரும் பிளாக்கும் சேரும் இடத்தில் கோழி வலை அடித்திருக்கிறார்களா, கான்கிரீட்டைக் கொத்தி விட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பிளாக் சுவரை செங்கல் சுவர் மாதிரி ஊற ஊற நனைக்க வேண்டாம், லேசாகத் தெளித்தால் போதும். நிறைய தண்ணி குடித்த பிளாக் காயும்போது சுருங்கும், பூச்சையும் சேர்த்து இழுக்கும். தண்ணியெல்லாம் பூச்சுக்குப் பிறகு, குறைந்தது ஏழு நாள்.

போனில் உள்ள லெவல் ஆப்பை நம்பி கொத்தனாரிடம் சண்டைக்குப் போகாதீங்க. ஒரு சாண் நீளப் போன், பத்தடி சுவரைப் பற்றி எதுவும் சொல்லாது. அதே போனின் டார்ச் உதவும். இருட்டியதும் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைச் சுவர் நெடுக ஓட விடுங்கள். மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். சந்தேகமான இடத்தில் ஆறடி அலுமினியப் பலகையை வைத்து இடைவெளியைப் பாருங்கள். இதைப் புட்டி அடிக்கிறதுக்கு முன்னாடி, கடைசி பேமென்ட் கைமாறுவதற்கு முன்னாடி செய்யணும்.