காத்திருப்பு மருந்தகத்தில் தொடங்குவதில்லை

இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் தங்கிச் சிகிச்சை பெற்ற எமது மூத்தோர் பலருக்கு இது பழகிப்போன அனுபவம். "இன்று வீட்டிற்குப் போகலாம்" என்று மருத்துவர் காலையிலேயே கூறிவிடுவார். ஆயினும் கொண்டுசெல்ல வேண்டிய மருந்துகள் வந்துசேர மாலையாகிவிடும். ஆங்கிலம் அறியாத தாயார் உடைமாற்றிக் கட்டிலில் அமர்ந்திருப்பார். அதே கட்டிலுக்காக அவசர சிகிச்சைப் பிரிவில் இன்னொருவர் காத்திருப்பார். நாமோ மருந்தகத்தைக் குறைகூறுகின்றோம். அது பெரும்பாலும் தவறான முகவரி என்பதே எனது கருத்து.

மருந்துச்சீட்டின் பயணத்தைச் சற்றுப் பின்தொடருங்கள். இளநிலை மருத்துவர் ஏனைய நோயாளரையும் பார்த்து முடித்த பின்னரே அதனை எழுதுகின்றார். எனவே எல்லா நோயாளர் விடுதிகளின் சீட்டுகளும் நண்பகலையொட்டி ஒருங்கே வந்து குவிகின்றன. மருந்தாளர் அளவு, ஒவ்வாமை, ஏனைய மருந்துகள் யாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றார். ஐயம் எழுந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும். அவரோ வேறெங்கோ நிற்பார். சீட்டு மேசையிலேயே கிடக்கும். கைகள் வேலைசெய்யும் நேரம் சிறிது, சீட்டு சும்மா கிடக்கும் நேரமே பெரிது.

1961இல் ஜோன் லிற்றில் நிறுவிய வரிசை விதி இதனை எளிதாக விளக்கும். மணிக்குச் சராசரியாக 20 சீட்டுகள் வந்து, எந்நேரமும் 60 சீட்டுகள் தேங்கி நிற்குமாயின், ஒவ்வொன்றும் சராசரியாக 3 மணிநேரம் காத்திருக்கும். ஆகவே குறைக்க வேண்டியது தேக்கத்தையே. சரிபார்ப்பவரை விரைவுபடுத்துவது ஆபத்தானது.

மருந்தாளர் விடுதிக்கே செல்வதும், நோயாளர் வீட்டிலிருந்து கொண்டுவரும் மருந்துகளைச் சோதித்துப் பயன்படுத்துவதும் புதிய யோசனைகள் அல்ல. இங்கிலாந்தின் கணக்காய்வு ஆணைக்குழு 2001இலேயே இவற்றை வலியுறுத்தியது. இவற்றுடன், வீடு திரும்புவதற்கு முதல்நாளே சீட்டை எழுதிவிட்டால் நண்பகல் நெரிசல் பெருமளவு தணியும். புதிய மென்பொருள் வந்தால் எல்லாம் தீரும் என்போரும் உளர். எனது பிழைப்பே மென்பொருள்தான். ஆயினும் பிந்தி எழுதப்பட்ட சீட்டு, மின்சீட்டானாலும் பிந்தியதே.

இதில் எமக்கும் பங்குண்டு. பெற்றோரே, மருத்துவமனைக்குச் செல்கையில் உங்கள் மருந்துகள் அனைத்தையும், ஊரிலிருந்து வந்தவை உட்பட, அவற்றின் பெட்டிகளுடனேயே எடுத்துச் செல்லுங்கள். இளையோரே, அவற்றின் பெயர், அளவு, ஒவ்வாமை விபரங்களை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீடு திரும்பும் நாள் தெரிந்ததும், "மருந்துச்சீட்டு எழுதப்பட்டுவிட்டதா?" என்று முதல்நாள் மாலையிலேயே தாதியரிடம் கேளுங்கள்.