தோள்வலியும் உடல்நலமும்

உடலை ஓம்புதல் அறிவுடையார் கடன். தண்டாலும் சிலம்பமும் பயின்று தோள் திரண்ட இளைஞரைக் கண்டால் எவர்க்கும் உவகை பிறக்கும். ஆயினும், அத்திரட்சி பயிற்சியால் விளைந்ததா, மருந்தால் விளைந்ததா என்று வினவ வேண்டிய நிலை இன்று வந்துள்ளது.

ஆண்மைக்குரிய இயல்புகளைத் தோற்றுவிக்கும் சுரப்புநீர் டெஸ்டோஸ்டிரோன் எனப்படும். 1935ஆம் ஆண்டில் ஐரோப்பிய வேதியியலார் அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். அச்சுரப்புக் குறைந்தார்க்கு அது நன்மருந்தாயிற்று. அதனை ஒத்த மாத்திரையொன்று 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜான் சீக்லர் என்னும் மருத்துவர் அதனைப் பளு தூக்கும் வீரர்க்கு அளித்தார். அவர்களுள் சிலர் அவர் வகுத்த அளவைக் கடந்து உட்கொண்டனர். அது கண்டு அவர் பின்னாளில் வருந்தினார்.

இம்மருந்தால் விளையும் கேடு யாது? இது தசையை வளர்ப்பது. இதயமும் தசையே அன்றோ? தோள்தசை தடித்தல் அழகாகத் தோன்றலாம். இதயச்சுவர் தடித்தலோ நோயாகும். குருதியில் நற்கொழுப்புக் குறைந்து தீக்கொழுப்பு மிகும், குருதிக்குழாய்கள் அடைபடும். மாத்திரைகள் ஈரலை நலிவிக்கும். மருந்து மிகுதியாக வரவே, இயற்கைச் சுரப்பைத் தூண்டும் பணியை மூளை நிறுத்திவிடும். மகப்பேற்று ஆற்றல் குன்றும். ஆண்மையைப் பெருக்க உண்டது ஆண்மையையே குறைத்தல் காண்க. வளரும் பருவத்தினர் உண்பாராயின், எலும்பின் வளர்முனைகள் உரிய காலத்திற்கு முன்னரே மூடிக்கொள்ளும். உயரம் அவ்வளவில் நின்றுவிடும்.

ஆஸ்திரிய நாட்டு ஆந்திரியாஸ் மூன்சர், கொழுப்பற்ற கட்டுடலால் உலகை வியப்பித்தவர். அவர் 1996ஆம் ஆண்டில், தம் 31ஆம் அகவையில், உறுப்புகள் பல செயலிழந்து மாண்டார். அவர்தம் ஈரலில் கட்டிகள் மலிந்திருந்தன.

“மருத்துவரே தரும் மருந்து தீங்கு செய்யுமோ?” என்பர் சிலர். மருத்துவர் தருவது குறையை நிரப்புதற்கு. இவர் உண்பதோ நிறைந்த கலத்தில் மேன்மேலும் ஊற்றுதல் போன்றது. “உண்டவர் பலர் நலமாகத்தானே உள்ளனர்?” என்பர் வேறு சிலர். கண்ணாடி தோளைக் காட்டும், இதயத்தைக் காட்டாது. உள்ளே முற்றிய நோய் பல்லாண்டு கழித்தும் வெளிப்படும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. இவரோ சித்திரத்தின்பொருட்டுச் சுவரையே இடிக்கின்றனர். நல்லுணவு, முறையான பயிற்சி, போதிய உறக்கம் ஆகிய மூன்றாலும் வரும் வலிமை மெல்லவே வரும். ஆயினும், அதற்கு ஈடாக உயிரைக் கேளாது. அவ்வலிமையையே இளைஞர் நாடுவாராக.